யானை வராத யானைப் படம்

என் முதல் படத்தில் யானையைக் காட்ட மாட்டேன் என்று சொன்னதும் தயாரிப்பாளர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். அன்னூர்ப் பக்கத்து மனிதர்; கோபத்திலும் மரியாதை குறையாது.

"அம்மணி, யானைப் படம்னு சொல்லிப்போட்டு யானையே இல்லீன்னா எவனுங்க பாப்பான்? கம்ப்யூட்டர்ல ஒண்ணு செஞ்சு உட்டுறலாமுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொண்டாமுத்தூர்த் தோட்டங்களில் களையெடுத்தவளின் மகள் நான். ரேஷன் அரிசி வாசத்துக்கு யானை வந்து எங்கள் வீட்டுச் சுவரைத் தள்ளியபோது கட்டிலுக்கடியில் கிடந்தேன். யானையை எங்கே பார்த்தேன்? செங்கல் சரிந்த சத்தமும் அந்த மூச்சும்தான்.

சுவரை மறுபடி எழுப்பும்வரை பகலெல்லாம் ஊர் நூலகமே கதி. அங்கே அட்டை கிழிந்த வேட்டைக் கதை ஒன்று இருந்தது. அதில் கடைசிவரை புலி வராது. மாடுகள் மேய்ச்சலை நிறுத்திக் காதை விடைப்பதை மட்டும் எழுதியிருப்பார்கள். படித்துவிட்டு வீட்டுக்கு நடக்கவே பயந்தேன். நான் சினிமா கற்றது அந்தப் புத்தகத்தில்தான், வேறெங்கும் இல்லை.

இதையெல்லாம் சொன்னேன். அவர் மசியவில்லை, நானும்தான். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். யானையில்லாமலே எடுத்து, தொண்டாமுத்தூர்க் கல்யாண மண்டபத்தில் விவசாயிகளுக்குப் போட்டுக் காட்டுவது. அவர்கள் கொட்டாவி விட்டால் கம்ப்யூட்டர் யானை. அப்புறம் நான் வாயைத் திறக்கக் கூடாது.

ஜன்னல்களை அடைத்துப் படத்தை ஓட்டினோம். வாழைத் தோட்டக் காட்சி வந்தது. திரையில் இருட்டும் இலைகளும்தான். குரைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று நிறுத்துகிறது. எங்கோ ஒரு வாழை முறிகிறது. மண்டபத்தில் யாரும் அசையவில்லை. பிடித்திருக்கிறதா, தூங்கிவிட்டார்களா?

இரண்டாவது வாழை முறிந்ததும் முன்வரிசையில் ஒருவர் துள்ளி எழுந்தார்.

"ஏனுங்க, வந்துருச்சுங்க! லைட் அடிங்க!"

அவ்வளவுதான். தோட்டக் காவலில் டார்ச் அடித்து யானை விரட்டிப் பழகிய கைகள். மண்டபம் முழுக்கச் செல்போன் வெளிச்சம் எழுந்து திரைமேல் பாய்ந்தது. என் படத்தில் ஒரு மண்ணும் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஜெயித்துவிட்டேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

"இப்ப என்னங்க சொல்றீங்க?" என்று கேட்கத் திரும்பினேன். தயாரிப்பாளர் நாற்காலியில் இல்லை. அதன் பின்னால் நின்று, செல்போனைத் தலைக்குமேல் தூக்கி, திரையின் இருட்டு மூலையில் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தார்.