நாற்பத்தேழு பொம்மைகளின் மண்

2020 ஆகஸ்ட் 19: கிணற்றை மூடிய கான்கிரீட் ஸ்லாப், ரூ. 38,000
2021 நவம்பர் 7: மெத்தை, ரூ. 9,400
2023 டிசம்பர் 4: ஃப்ரிட்ஜ், கட்டில், கிரைண்டர், ரூ. 71,650
அதே நாள்: கொலு பொம்மைகள் நாற்பத்தேழு, விலை போடவில்லை
2024 அக்டோபர் 15: சுவரில் ஓதம், பெயின்ட், ரூ. 12,300

ராஜா அண்ணாமலைபுரத்தில் பன்னிரண்டு வீடுகள் உள்ள ஓர் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் விசாலாக்ஷி தனியாக இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. மகன் சிகாகோவில்.

ஓய்வுக்குப் பின் அவருக்கு வந்த வியாதி பேப்பர் படிப்பது. எங்கோ பனிமலை உருகினால் இங்கே இவருக்குச் சோறு இறங்காது. எங்கோ காடு எரிந்தால் ஃபேனைக் குறைத்து வைத்துக்கொண்டு புழுங்குவார். குளியல் அரை வாளி. எல்லாம் தன்னால்தான் என்பதுபோல மனசுக்குள் எந்நேரமும் கைகட்டி நின்றார்.

அந்தக் கைகட்டலை முடித்துவைத்தவர் மூன்றாம் மாடி பரத்வாஜ். ஆடிட்டர், குடியிருப்போர் சங்கச் செயலாளர். தன்னுடைய இரண்டாவது காரை நிறுத்துவதற்காகக் கிணற்றின் மேல் ஸ்லாப் போட்டவர் அவர்தான். அதுவரை காம்பவுண்டுக்குள் பெய்த மழையெல்லாம் கிணற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. பிறகு விசாலாக்ஷியின் கூடத்துக்குள் வந்தது. 2023 புயலில் கட்டிலுக்கடியில் செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்த டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. மாமியார் கொடுத்ததும் தான் வருஷத்துக்கு ஒன்றாக வாங்கியதுமான சுடாத மண் பொம்மைகள் கரைந்தன. தசாவதாரம் முழுக்கச் சேறு. மிஞ்சியது மரப்பாச்சி ஜோடி ஒன்றுதான். கிணறு திறந்திருந்தாலும் வெள்ளம் வந்திருக்கும், அது அவருக்கும் தெரியும். ஆனால் இரண்டு அங்குலம் குறைந்திருக்கும். அந்த இரண்டு அங்குலத்தில் பெட்டி தப்பியிருக்கும்.

சங்கக் கூட்டத்தில் எழுந்து கிணற்றைத் திறக்கச் சொன்னார்.

“மாமி, அண்டார்ட்டிகாவே உருகிண்டிருக்கு. நம்ம கிணத்தைத் திறந்துட்டா நின்னுடுமா? இதெல்லாம் குளோபல் ப்ராப்ளம்” என்றார் பரத்வாஜ். எல்லோரும் சிரித்தார்கள்.

பூகோள டீச்சரிடமே பூகோளத்தைக் காட்டித் தப்பிக்கிறார்! வீட்டுக்கு வந்த விசாலாக்ஷி அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டார். உலகம் முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தவருக்கு, பதில் கேட்க ஒரே ஓர் ஆள் கிடைத்துவிட்டார். ஐந்து கடிதம் எழுதிக் கொடுத்தார். ஐந்துக்கும் ஒரே பதில்: பரிசீலனையில் உள்ளது.

2025 நவராத்திரிக்கு முன் பரத்வாஜ் வாட்ஸப் குழுவில் ஓர் அறிவிப்புப் போட்டார். கொலுப் போட்டி. தலைப்பு: ‘பூமியைக் காப்போம்.’ நடுவர்கள்: அவரும் அவர் மனைவி ஹம்சாவும். விசாலாக்ஷி உடனே பேர் கொடுத்தார்.

கரைந்த பொம்மைகளின் மண்ணை அவர் கொட்டியிருக்கவில்லை. பின்பக்கம் இரண்டு வாளியில் காய்ந்து கிடந்தது. அதைக் குழைத்து அந்த அடுக்ககத்தையே செய்தார். மாடிக்கு மாடி ஏசி பெட்டி, துணிக்கொடி. தரைத்தளத்துக்கு ஒரு எவர்சில்வர் தாம்பாளம், அதில் நிஜத் தண்ணீர். கிணற்றின் மேல் உடைந்த பாத்ரூம் டைல்ஸ், அதன் மேல் சின்னக் கார், நிஜ நம்பரோடு. காருக்குப் பக்கத்தில் ஆண் மரப்பாச்சி. ஆகாய நீல ஜிப்பா, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடி.

முதலில் வந்தவர் முதல் மாடிப் பல் டாக்டர் ஜஹனாரா.

“ஐயோ டீச்சர், பரத்வாஜ் சார் கண்ணாடிக் கயிறு வரைக்கும் வந்திருக்கே!” வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர் குனிந்து பார்த்தார். “ஆமா, எங்க எல்லார் வீட்டு ஏசியும் இருக்கு. உங்களுது எங்க?”

“அது... பேரன் வந்தா போடறது.”

“சிகாகோவுக்கு மூணு தடவை போனீங்களே, நடந்தா போனீங்க?” கன்னத்தைக் கிள்ளாத குறையாகச் சொல்லிவிட்டு, சுண்டலை வாங்கிக்கொண்டு டாக்டர் போய்விட்டார்.

விசாலாக்ஷிக்குப் பழைய புழுக்கம் திரும்ப நெஞ்சில் ஏறியது. பிறகு வேறொன்று உறைத்தது: இதே கேள்வியைத்தான் பரத்வாஜும் கேட்பார், கேட்டுவிட்டு நழுவுவார். எழுந்துபோய்த் தன் வீட்டுக்கும் ஒரு ஏசி பெட்டி செய்தார். அட்டையில் ஒரு விமானம் வெட்டி, அதன் மேல் பெண் மரப்பாச்சியை நிறுத்தி, நூலில் கட்டி அடுக்ககத்துக்கு மேலே தொங்கவிட்டார்.

நடுவர்கள் வந்தபோது கூடம் நிறையப் பெண்கள்.

“என்ன மாமி இது?”

“பூமியைக் காப்போம்.”

“இதை எடுத்துடுங்கோ.” பரத்வாஜின் கை தன்னையறியாமல் கண்ணாடிக் கயிற்றுக்குப் போனது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“வெச்ச கொலுவை நடுவுல கலைக்கப்படாது. உங்களுக்குத் தெரியாததா?”

“நீங்க மட்டும் ஏசி போட்டுக்கலையா? பிளேன்ல போகலையா?”

“அதோ போறேனே, பாருங்கோ. நான் பண்ணினது என் தலைக்கு மேல தொங்கறது. நீங்க எது மேல நிக்கறேள்?”

பரத்வாஜ் கீழே பார்த்தார். டைல்ஸ் மேல் நின்றது ஜிப்பா.

கொலுவுக்கு வந்தால் பாட வேண்டும். ஹம்சா பொம்மையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு பாட்டுப் பாடினார். தாம்பூலம் வாங்கும்போது மெதுவாகச் சொன்னார்: “அந்தக் காரை எடுத்தே ஆறு மாசம் ஆறது மாமி.”

அதற்குப் பிறகு தெருவே வந்து பார்த்தது. சுண்டல் பற்றவில்லை. மாடிப்படியில் பரத்வாஜைக் கண்ட குழந்தைகள் கார் ஹாரன் மாதிரி கத்திவிட்டு ஓடின. விசாலாக்ஷி தடுக்கவில்லை.

விஜயதசமி அன்று கொலுவில் ஒரு பொம்மையைப் படுக்க வைப்பது வழக்கம். விசாலாக்ஷி ஆண் மரப்பாச்சியை எடுத்து, தாம்பாளத்துத் தண்ணீரில் குப்புறப் படுக்க வைத்தார். விடியும்வரை ஊறட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் சங்கத்திலிருந்து ஆறாவது கடிதம் வந்தது. மழைக்கு முன் ஸ்லாப்பை உடைத்துக் கிணற்றைத் தூர்வாரப் போகிறார்கள். செலவு பன்னிரண்டு வீட்டுக்கும் சமம். வருத்தம் என்ற சொல் எங்கேயும் இல்லை. அடியில் பேனாவால் ஒரு வரி: ‘பொம்மையின் ஜிப்பாவைக் கழற்றிவிடவும்.’

தன் பங்கை அப்போதே கட்டினார். மரப்பாச்சியை வெயிலில் காயவைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினார். ஜிப்பாவைக் கழற்றவில்லை. அடுத்த வருஷமும் நவராத்திரி வருமே.

அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 2025 அக்டோபர் 9, வியாழக்கிழமை.