கதவை மூடும் பொறுப்பு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கூட்டத்தில் யாராவது என்னைப் பேசச் சொன்னால் காது சூடாகி, சொல்ல வந்தது மறந்துபோகும். அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் அன்றைக்கு நடந்ததை, அங்கே இல்லாதவர்கள் எல்லாம் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நான் அங்கே இருந்தேன். அந்த ஒரு தகுதியில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்த கம்பெனி எங்கள் பிரிவை மூடிவிட்டது. நாற்பத்தொன்பது வயதில் வேறு எந்தக் கம்பெனி என்னை எடுக்கும்? சமூகக் கல்லூரியில் ரொட்டி, கேக் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கோயிலில், பூசை முடிந்து வரும்போது ஒருவர் சொன்னார். போய்ச் சேர்ந்தேன். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் என் பிள்ளை வயதுக்காரர்கள்.

பாடம் நடத்தியவர் ஒரு மலாய்க்கார அம்மா. செஃப் என்றுதான் கூப்பிடுவோம். குள்ளமான ஆள், ஆனால் மேசையில் தகட்டைத் தட்டினால் கட்டடமே அடங்கும். முதல் நாள் மாவையே தொடவிடவில்லை. விதிகளை மட்டும் சொன்னார். எட்டேகாலுக்குக் கதவு மூடப்படும், அதன் பிறகு வருபவர் அன்றைக்கு வராதவர். இத்தனை நாளுக்கு மேல் வராவிட்டால் கடைசிச் செய்முறைத் தேர்வு கிடையாது, தேர்வு இல்லாவிட்டால் சான்றிதழ் கிடையாது. தரையில் இருக்கும் சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அடுப்பும் மேசைகளும். காயம் பட்டு ரத்தம் கசிகிற யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. மாணவர் அல்லாத யாரும் உள்ளே வரக் கூடாது. கல்லூரி வளாகத்துக்குள் கை நீட்டினால் வீட்டுக்குப் போகலாம்.

"இங்க வயசுல பெரியவர் யாரு?" என்று மலாயில் கேட்டார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அப்படித்தான் நான் வகுப்புத் தலைவன் ஆனேன். அன்றிலிருந்து செஃப் என்னைக் கெத்துவா, அதாவது தலைவர், என்றுதான் அழைத்தார். தலைவருக்கு இருந்த பொறுப்பு ஒன்றுதான்: எட்டேகாலுக்குக் கதவை மூடித் தாழ்ப்பாள் போடுவது.

என் மேசையில் என்னோடு நின்றவள் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியிலிருந்து வருகிற பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். வகுப்பில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழர்கள். நான் பேசாதவன், அவள் எனக்கும் சேர்த்துப் பேசுவாள். "அண்ணே, மாவ தடவிக் கொடுக்காதீங்க, அது என்ன உங்க மாமியாரா? அடிச்சுப் பெசைங்கலா!" என்பாள். அவள் பிசைந்தால் மேசையின் கால் நகரும்.

இரண்டாவது வாரமே நான் பார்த்துவிட்டேன். தலைக்கு வலைத்தொப்பி போடும்போது அவள் கழுத்தின் பின்னால் நான்கு விரல் பதிந்த நீலம். இன்னொரு நாள் காதுமடல் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. செஃப் பார்த்துவிட்டு அலமாரியிலிருந்து மருந்துக் குழாயை எடுத்து அவள் கையில் வைத்தார். முகம் வீங்கிய நாட்களில் அவள் வரவில்லை. அப்படி நாட்கள் சேர்ந்துகொண்டே போயின.

அவள் கணவன் ஆட்களை ஏற்றும் கம்பெனி பஸ் ஓட்டுபவன். காலை முறைக்காரர்களை இறக்கிவிட்டு வந்து, அவளை மோட்டாரில் கொண்டுவந்து விடுவான். சட்டை மடிப்புக் கலையாது. வாசலில் காவலுக்கு இருக்கும் ஜாகாவுக்குச் சலாம் போடுவான். ஒரு முறை வகுப்பு முழுவதுக்கும் மசாலா அடைத்த கரிபாப் வாங்கிக் கொடுத்தான். "நல்ல மனுசன்" என்று ஜாகா என்னிடமே சொன்னார். விட்டுப் போகும்போது மனைவியின் பிடரியில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்துவான். தூரத்திலிருந்து பார்த்தால் செல்லம் கொஞ்சுவது போல் இருக்கும். அவள் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறும்.

சான்றிதழ் கையில் வந்தால் பத்து காவான் என்ற ஊரில் ஒரு ரொட்டித் தொழிற்சாலை அவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. சம்பளத்தைவிட அவளுக்கு முக்கியம் தங்கும் விடுதி. பெண்களுக்குத் தனிக் கட்டடம், வாசலில் காவல், கட்டில் ஒன்று, பூட்டு வைத்த அலமாரி ஒன்று. "பூட்டு வச்ச அலமாரிண்ணே" என்று இரண்டு தடவை சொன்னாள்.

பருவம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது, இடைவேளையில் படிக்கட்டில் உட்கார்ந்து பொட்டலக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம்.

"அண்ணே, நான் ஒரு மடத்தனம் பண்ணிட்டேன்."

"என்னம்மா?"

"இன்னும் ஒரு நாள் போச்சுன்னா பரிச்ச இல்லைன்னு செஃப் சொல்லிட்டாங்கல்ல? அத எங்க வீட்டுக்காரருகிட்ட போய்ச் சொல்லிட்டேன். எட்டேகாலுக்குள்ள போவணும், காயம் இருந்தா உள்ள விட மாட்டாங்க, அதனால இந்த மூணு வாரம் மட்டும் கை வைக்காதீங்கன்னு காலப் புடிச்சிக் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாருண்ணே. அப்படியா, ஒரு நாள்தானா, அப்படின்னாரு."

"சீக்கிரம் வந்திரும்மா" என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு அவள் விடியுமுன் எழுந்து, அவனுக்குத் தெரியாமல் முதல் பஸ் பிடித்து வந்து, கல்லூரி வாசல் திறக்கும் வரை எதிர்ப்புறக் கடையில் நின்றாள்.

அந்த வியாழக்கிழமை அவள் வரவில்லை. மற்றவர்கள் மாவைக் கலந்து, கிண்ணங்களில் போட்டு, ஈரத்துணி மூடி வைத்துவிட்டார்கள். நான் அவள் பங்குக்கும் சேர்த்துக் கலந்தேன். எட்டு தாண்டியது. மாவு உருட்டும் கட்டையைக் கையில் வைத்தபடியே கதவுப் பக்கம் போனேன். படிக்கட்டிலிருந்து ஒரு சத்தம். மேசை நகர்த்துகிறார்களோ என்று நினைத்தேன். மறுபடியும் அதே சத்தம், அதோடு ஒரு முனகல்.

எட்டிப் பார்த்தேன். பாதிப் படியில் இருக்கும் திருப்பத்தில் அவள் கணவன் அவளைச் சுவரோடு சேர்த்து நிறுத்தியிருந்தான். அவள் முதல் பஸ்ஸில் வருவது எப்படியோ தெரிந்து பின்னாலேயே வந்திருக்கிறான். இடது கையில் அவள் முடி சுற்றியிருந்தது. வலது கையில் ஹெல்மெட், வார் பிடித்துத் தொங்கியது. அதை வீசி அவள் முகத்தில் ஒரு அடி அடித்தான். பிறகு மணிக்கட்டைத் திருப்பி மணி பார்த்தான்.

அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அவனிடம் கோபமே இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல நின்றான்.

"இன்னும் கொஞ்ச நேரந்தான். சும்மா நில்லு. ஆட்டம் காட்டுனா இன்னும் நாலு போடுவேன்" என்றான். மறுபடியும் அடித்தான். அவள் புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

வாயைத் திறந்தேன். எனக்கு வந்த வார்த்தை இதுதான்: "தம்பி... கதவ மூடப் போறேன்."

அவன் நிமிர்ந்து பார்த்து, மரியாதையாகவே சொன்னான். "போய் மூடுங்கண்ணே. அதுக்குத்தான் நிக்கிறேன். உங்க கடமைய நீங்க செய்ங்க."

"அண்ணே, மூடிடாதீங்க" என்றாள் அவள். வாய் வீங்கியிருந்ததால் சொல் குழறியது.

நான் இறங்கினேன். தைரியம் என்று சொல்ல மாட்டேன், கால் தானாகப் போனது. "விடுங்க" என்றேன்.

"ஓ, இந்த ரொட்டிக் கிழவனா உனக்குச் சப்போட்டு?" என்று அவளிடம் சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டை வாரோடு வீசி என்னை அடித்தான். வாயில் பட்டது. கல்லைக் கடித்தது போல ஒரு சத்தம் என் மண்டைக்குள் கேட்டது, நாக்கில் பல் துண்டு உருண்டது. இரண்டாவது வீச்சுக்கு அவன் கை ஓங்கியபோது என் கையில் கட்டை இருந்தது. அவன் முழங்கையில் அடித்தேன். ஹெல்மெட் விழுந்து படிகளில் குதித்துக் குதித்துப் போனது. அவன் "அம்மா" என்று கத்திக்கொண்டு கையைப் பிடித்துக் குனிந்தான். குனிந்தவனின் தோளில் மறுபடியும் அடித்தேன். அந்த அடி தேவையில்லை. ஆனால் அடித்தபோது நன்றாக இருந்தது. மூன்றாவதற்கும் ஓங்கினேன்.

என் கையைப் பிடித்தவள் அவள்தான். "போதும்ணே. டைம் ஆச்சு. வாங்க!"

என்னை இழுத்துக்கொண்டு மேலே ஓடினாள். கதவு திறந்தே இருந்தது. செஃப் கதவோரம் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் எட்டேகாலைத் தாண்டியிருந்தது. நாங்கள் வாசலுக்கு வெளியில் நின்றோம். இரண்டு பேர் வாயிலும் முகத்திலும் ரத்தம்.

"கதவு மூடியிருக்கா?" என்று செஃப் வகுப்பைக் கேட்டார்.

முன்மேசைச் சீனப் பையன் ஒருவன், "மூடல செஃப். மூடுற ஆளே வெளிய நிக்கிறாரு" என்றான்.

"அப்ப யாரும் லேட் இல்ல. உள்ள வாங்க. கெத்துவா, இப்ப மூடுங்க."

மூடினேன். தாழ்ப்பாள் போட்ட அடுத்த நொடி கதவு அதிர்ந்தது. அவன் மேலே வந்துவிட்டான். உதைத்தான். நல்ல கையால் ஹெல்மெட்டை எடுத்து, கதவில் பதித்திருந்த கண்ணாடியில் அடித்தான். கண்ணாடி சிலந்தி வலை போலக் கீறிக்கொண்டது. பின்மேசைப் பெண்கள் அலறினார்கள். செஃப் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார். ஒவ்வோர் உதைக்கும் அந்தச் சின்ன உடம்பு குலுங்கியது. நானும் சீனப் பையனும் போய்ப் பக்கத்தில் முட்டுக் கொடுத்தோம்.

"மாணவர் இல்லாதவங்க உள்ள வரக் கூடாது!" என்று செஃப் திரும்பாமலே கத்தினார்.

"ரூலா? எனக்கும் ரூல் தெரியும்!" என்று அவன் வெளியிலிருந்து மலாயில் கத்தினான். "அவளுக்கு ரத்தம் வருது. ரத்தம் வந்தா அடுப்பாங்கரைக்குள்ள விடக் கூடாதுன்னு நீங்கதான் ரூல் போட்டிருக்கீங்க. வெளிய அனுப்பு அவள!"

அவள் சிவப்புக் கோட்டின் ஓரத்தில் நின்றாள். கால்விரல் கோட்டைத் தொடவில்லை. சொட்டிய ரத்தம் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தது. செஃபையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னது சரி. அந்த விதியை மீறிச் சமையற்கூடத்துக்குள் விட்டால் அன்றைய வருகை செல்லாது என்று மேலிடத்தில் அடித்துவிடுவார்கள்.

செஃப் முதுகை எடுக்காமல் யோசித்தார். பிறகு, "எல்லாரும் அடுப்ப அணைச்சிட்டுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வாங்க" என்றார். "இன்னிக்கிப் படிப்புப் பாடம். நாற்காலிய எடுத்துப் போடுங்க. ஒருத்தரும் கோட்டத் தாண்டக் கூடாது."

"செஃப், மாவு?" என்றாள் ஒரு பெண்.

"மாவு கெடட்டும்."

ஜாகாவும் அலுவலகத்து ஆட்களும் வந்து அவனைப் பிடித்து இழுத்துப் போகும் சத்தம் கேட்டது. படிக்கட்டு முழுக்க அவன் கெட்ட வார்த்தை இறங்கிக்கொண்டே போனது. பிறகும் செஃப் கதவைத் திறக்கவிடவில்லை. போலீஸ் வரும் வரைக்கும் வெண்பலகையில் ஈஸ்ட் எப்படி வேலை செய்கிறது என்று எழுதினார். அவள் புருவத்தில் துணியை அழுத்திக்கொண்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எனக்கு ஒரு வார்த்தையும் ஏறவில்லை. கோட்டுக்கு அப்பால் கிண்ணங்களில் மாவு உப்பி, ஈரத்துணியைத் தூக்கி, விளிம்பைத் தாண்டி மேசையில் வழிந்தது. காலை முழுவதும் அந்தப் புளிச்ச வாடை. யாரும் எழுந்து போகவில்லை.

மதியம் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அவன் முழங்கை எலும்பு விரிசல் விட்டதாம், என் மேல் போலீஸில் ரிப்போட் கொடுத்திருந்தான். நானும் அவளும் அவன் மேல் கொடுத்தோம். "நீங்க தடுத்தது புரியுது. ஆனா கல்லூரிப் பொருள எடுத்து ரெண்டாவது தடவ அடிச்சிருக்கீங்க" என்றார் அதிகாரி. ஆமாம் என்றேன். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொல்லி, பருவம் முடியும் வரை என்னை நிறுத்தினார். அடுத்த பருவத்தில் மறுபடி சேரலாமாம். ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கி வருகை?"

"பதிஞ்சாச்சு."

கண்ணுக்கு மேல் தையல் போட்டு முடிந்ததும் செஃப் தன் காடியில், தானே காரை ஓட்டி, அவளைக் கடலுக்கு அந்தப் பக்கம் தாசேக் கெலுகோரில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனார். தையல் போட்டுவிட்டதால், அதன் மேல் நீர் புகாத பட்டை ஒட்டினால் கோட்டைத் தாண்டலாம் என்று டாக்டரிடம் எழுதியும் வாங்கியிருந்தார். ஆனால் அங்கிருந்து கல்லூரி இருக்கும் தீவுக்கு வருவதென்றால் பஸ், ஃபெர்ரி, மறுபடி பஸ். எட்டேகாலுக்குள் முடியுமா என்று யாருக்கும் தெரியவில்லை. காடியில் ஏறும்போது அவள் என் வாயைப் பார்த்து அழுதாள். "போம்மா, நாளைக்கு எழும்பணும்ல" என்றேன்.

மறுநாள் காலை ஜெலுத்தோங்கில் பல் டாக்டரிடம் என் உடைந்த பல்லின் மீதியைப் பிடுங்கினார்கள். அவள் எட்டு மணிக்கு வகுப்பில் இருந்தாள் என்று செஃப் செய்தி அனுப்பியிருந்தார். மத்தியானம் மழை பெய்தது.