அடித்தல் இல்லாத ஏடு

“எழுதின மார்க்கை அடிச்சு எழுதுற ஆள் நான் இல்ல. என் பேனாவுக்குப் பின்பக்கமா நடக்கவே தெரியாது!”

தொழிற்சாலை ஆண்டுவிழாவில் ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் செய்த பிரகடனம் இது. கூட்டம் கைதட்டியது. தட்டாமல் என்ன செய்யும்? அவர் பேச்சு முடிந்தால்தான் சிற்றுண்டி என்று மேலாளர் ஏற்கெனவே அறிவித்திருந்தார்.

அவர் சுருட்டுத் தொழிற்சாலையின் ருசி பார்ப்பவர். எல்லோருக்கும் அவர் ‘நாக்கு சார்’. சம்பளச் சீட்டில் மட்டும் வேறு ஏதோ பெயர் இருந்தது. காலை ஒன்பது மணிக்கு வெள்ளைச் சுவர் அறையில் உட்காருவார். சுருட்டைக் காதருகே வைத்து உருட்டிப் பார்ப்பார். பற்றவைக்காமலே ஓர் இழுப்பு, பிறகுதான் நெருப்பு. புகையை வாயிலேயே நிறுத்தி வெளியே விடுவார். ஒரு சுருட்டு அவருக்கு மூன்று பாகம். பாகத்துக்கு ஒரு மதிப்பெண். நடுநடுவே வெந்நீரும் வறண்ட ரொட்டித் துண்டும். சாம்பல் விரலளவு நிற்காமல் உதிர்ந்தால், சம்பந்தி வீட்டில் மரியாதை குறைந்தவர்போல முகம் கோணும்.

இந்த நாக்கைக் காப்பாற்றும் பொறுப்பு வீட்டின் தலையில் விழுந்தது. இருபத்திரண்டு வருடமாக அங்கே பூண்டு கிடையாது, காரம் கிடையாது, பவுடர் கிடையாது. உடம்புக்கும் துணிக்கும் மணமே இல்லாத ஒரே கட்டி சோப்பு. விடுதிக்குப் படிக்கப் போன மகள் முதல் வாரமே தொலைபேசியில், “அம்மா, சாப்பாட்டுக்கு ருசின்னு ஒண்ணு இருக்கும்மா!” என்று கண்டுபிடிப்பைத் தெரிவித்தாள். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நாக்கு சார் சிரிக்கவில்லை. தேசியச் சொத்தைப் பற்றி விளையாட்டுப் பேச்சு அவருக்கு ஆகாது.

இப்படி இருக்கையில் தொழிற்சாலை ஓர் உயர்ரகச் சுருட்டை வெளியிட்டது. நான்கு வருடம் பதப்படுத்திய இலை, மரப்பெட்டி, தங்க நிற வளையம். விலையைக் கேட்டால் புகைக்காமலே இருமல் வரும். அதைச் சுருட்ட முப்பது பேரில் ஒருத்தியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்: ஆறாம் மேசைக்காரி. பத்தொன்பது வருடம் மலிவுச் சுருட்டையே சுருட்டிச் சுருட்டி அந்த மேசைக்கு வந்தவள்.

சுருட்டு கடைக்குப் போய் ஒரு வாரம் ஆகவில்லை. அடுத்த பெட்டிகள் நாக்கு சாரிடம் வந்தன. முதல் பாகம்: கொக்கோ, மழை நனைத்த மண். பிரமாதம். இரண்டாம் பாகம்: மிளகு, வறுத்த கொட்டை. அதற்குள் மின்விசிறி இல்லாத அந்த அறை சூடேறி, சட்டைக் காலர் வியர்வையில் ஊறிவிட்டது. மூன்றாம் பாகத்தில் புருவம் ஏறியது.

ரோஜா!

ஏட்டில் எழுதினார்: ‘அந்நிய மலர் வாசனை. சுருட்டியவர் கையில் தைலம். நிராகரிக்கவும்.’ மேலாளர் பதறிப்போய் ஆறாம் மேசைக்காரியைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து பழையபடி மலிவுச் சுருட்டுதான் என்றார்.

அவள் நேராக வெள்ளை அறைக்கு வந்து இரண்டு உள்ளங்கையையும் நீட்டினாள்.

“மோந்து பாருங்க சார். புகையிலையைத் தவிர ஒண்ணும் இருக்காது.”

மோந்தார். இல்லைதான்.

“கழுவியிருப்ப.”

அவள் சற்றே குனிந்து மோப்பம் பிடித்தாள். “தப்பா நினைக்காதீங்க சார். ரோஜா உங்க சட்டையில இருந்துதான் வருது.”

“என் சட்டையிலயா? இருபத்திரண்டு வருஷமா என் வீட்டுல வாசனையே கிடையாதும்மா!”

“ஐயோ பாவம், உங்க வீட்டம்மா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த அவதூறைத் துடைக்க, மதிய இடைவேளையில் வீட்டுக்கு நடந்தார். பீரோவைத் திறந்தார். மடித்து வைத்த சட்டைகளுக்கு அடியில் ஒரு ரோஜா சோப்பு. உறையே பிரிக்கவில்லை. எடுத்து எடுத்து வைத்ததில் ஒரு முனை மட்டும் வெளுத்திருந்தது.

“இது என்ன?”

“சோப்பு” என்றாள் மனைவி.

“அது தெரியுது. யாருக்கு?”

“எனக்குத்தான். அம்பது முடிஞ்சப்ப எனக்கு நானே வாங்கிக்கிட்டேன்.”

“உனக்கு எப்ப அம்பது முடிஞ்சது?”

“அது சரி! ஆறு மாசம் ஆச்சு.”

“அப்புறம் ஏன் போட்டுக்கல?”

“வீட்டுல சக்களத்தி மாதிரி உங்க நாக்கு உக்காந்திருக்கே! எப்பவாச்சும் எடுத்து மோந்து பார்த்துட்டு என் புடவைக்குள்ள வச்சிடுவேன்; நேத்துதான் அவசரத்துல உங்க சட்டைக்கு அடியில வச்சுட்டேன். அதுவே போதும்னு இருந்துட்டேன்.”

நாக்கு சார் கட்டிலில் உட்கார்ந்தார். சோப்பின் வெளுத்த முனையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

“பேர் வாங்கினது என் நாக்கு. பத்தியம் இருந்தது நீ” என்றார். “இன்னைக்கே போட்டுக் குளி. நான் வேலைக்குப் போடுற சட்டையை ஃபேக்டரியிலேயே வச்சு மாத்திக்கிறேன். அங்க அலமாரி ஒண்ணு சும்மாதான் கிடக்கு.”

“எத்தனை வருஷமா சும்மா கிடக்கு?”

அவர் செருப்பை மாட்டினார்.

வழியெல்லாம் ஒரு யோசனை கூடவே நடந்து வந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் உலகத்துக்கு எதுவும் தெரியப்போவதில்லை. நாக்கு சார் சொல்லுக்கு எதிராக ஆறாம் மேசைக்காரியின் மூக்கை யார் நம்புவார்கள்?

வெள்ளை அறைக்கு வந்தார். சட்டையைக் கழற்றி வெளியே வராந்தா ஆணியில் மாட்டினார். கை, கழுத்து, முகம் எல்லாம் கழுவினார். பனியனோடு உட்கார்ந்து, அதே பெட்டியிலிருந்து இன்னொரு சுருட்டைப் பற்றவைத்தார். கொக்கோ வந்தது, மண் வந்தது, மிளகு வந்தது. மூன்றாம் பாகத்தில் தேன்போல மெல்லிய ஓர் இனிப்பு. ரோஜா வரவில்லை. சாம்பல் விரலளவு நிமிர்ந்து நின்றது.

கண்ணாடிக்கு அப்பால் ஆறாம் மேசைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். “சார், மேனேஜர் வர்றாரு. சட்டையப் போட்டுக்குங்க!”

“சட்டைதாம்மா குற்றவாளி. வெளியிலயே நிக்கட்டும்” என்றார்.

பிறகு ஏட்டைத் திறந்து, காலையில் எழுதியதன் மேல் பேனாவை இழுத்தார். கீழே எழுதினார்: ‘வாசனை சுருட்டில் இல்லை, என் சட்டையில். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. சுருட்டிய கைக்கு நன்றி.’

அடித்த கோடு கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. பழக்கமில்லை.