என் தோழி எடுத்துப்போன சாமான்கள்

முதலில் காணாமற்போனது என் சிவப்புக் கண்ணாடிக் காப்பு. எங்கேயாவது விழுந்து உடைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த கிழமை, கொடியில் காயப்போட்டிருந்த பூப்போட்ட சீத்தைச் சட்டை போயிற்று. அன்று எங்கள் வளவுக்குள் வந்துபோனவள் ஒருத்திதான்.

அவள் என் சிநேகிதி. எங்கள் வீடு நாவற்குடாவில், அவள் வீடு கல்லடியில். ஆனாலும் பாதி நாள் எங்கள் வீட்டிலேதான் கிடப்பாள். வாவிக்கரையில் சேர்ந்து பன்புல் பிடுங்குவோம், காயவைத்துப் பாய் இழைப்போம், ஒரே சட்டியில் சோறு பிசைந்து தின்போம். என் தலையில் பேன் பார்க்க வேறு யாரையும் நான் விட்டதில்லை. அப்படிப்பட்டவளைச் சந்தேகிக்க வெட்கமாக இருந்தது. இருந்தும் அவள் வந்தால் என் கண் அவள் கையையே சுற்றியது.

கடைசியில் சோதித்துப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். என் வெள்ளி மோதிரத்தைக் கழற்றிப் பெட்டகத்தின் மேல் வைத்துவிட்டு, தண்ணீர் அள்ளப் போகிறேன் என்று சொல்லி வெளியே வந்து, கிடுகுத் தட்டி இடுக்கால் பார்த்தேன். அவள் மோதிரத்தை எடுத்துத் தன் விரலில் போட்டுப் பார்த்தாள். அது பாதியில் நின்றது. தனக்குள் சிரித்தபடி அதை மடியில் செருகிக்கொண்டாள்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் போனபின் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை விட்டுத் திரும்பாமலே, மோதிரம் என்ன பெரிய சாமானா, விட்டுத்தள்ளு என்றார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

அடுத்த நாள் காலையிலேயே கல்லடிக்கு நடந்தேன். கேட்கவேண்டியதை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

அவர்கள் முற்றத்தில் தட்டார் ஒருவர் உமிச்சட்டியை ஊதிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் பலகையில் என் கண்ணாடிக் காப்பும் மோதிரமும் இருந்தன. பக்கத்தில் குந்தியிருந்தவர் அவளுடைய அண்ணன். வாவிக்கு அப்பால், படுவான்கரை வயல் வட்டையில் வேளாண்மை செய்பவர். தோணியில் போகும்போது நேர்வழியை விட்டு எங்கள் கரையோரமாகவே வலிப்பார். நானும் அந்த நேரம் பார்த்துத்தான் பன் பிடுங்க இறங்குவேன். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. என்னைக் கண்டதும் அவர் எழும்பி, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போய்விட்டார்.

சிநேகிதி உள்ளேயிருந்து வந்தாள்.

“என்ட சட்டை எங்ககா?” என்றேன். பாடமாக்கி வந்ததில் அது மட்டுந்தான் வாயில் வந்தது.

“டவுன்ல, தையக்காரரிட்ட. அளவுக்குக் குடுத்திரிக்கி.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு அம்மாமாரும் ஏற்கெனவே பேசிவிட்டார்களாம். அறுவடை முடிந்து என் அப்பா வட்டையிலிருந்து வந்ததும் அண்ணனுக்கு என்னை முறையாகப் பெண் கேட்டு வருவதாம். அதுவரை எனக்குத் தெரியக்கூடாது என்பது என் அம்மாவின் கட்டளை. இவளுக்குத்தான் அவ்வளவு பொறுமை இல்லை. கேட்டு வருகிற நாளில் எல்லாம் தயாராக இருக்கவேண்டும் என்று, அளவுகளைத் திருட ஆரம்பித்துவிட்டாள்.

சொல்லி முடித்ததும் அவள் முகம் மாறியது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உனக்கு விருப்பமில்லாட்டி இப்பவே சொல்லுகா. எல்லாத்தையும் திருப்பித் தாறன். அண்ணனுக்கும் நானே சொல்லிர்றன்.”

தட்டார் ஊதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

“சட்டைக்கு என்ன நிறத்தில துணி எடுத்த?” என்று கேட்டேன்.

அவள் பின்வளவுக்கு ஓடினாள். அங்கே கொத்திக்கொண்டிருந்த மண்வெட்டிச் சத்தம் சட்டென்று நின்றது. தட்டார், வந்ததுதான் வந்தாய் பிள்ளை, கையை நீட்டு, உடம்பிலேயே அளந்தால் பிழை வராது என்றார். அவளுடைய அம்மா ஒரு கோப்பை நிறையத் தயிரும் தேனும் கொண்டுவந்து வைத்து, முழுவதையும் சாப்பிடும்வரை என்னை எழும்ப விடவில்லை.

திரும்பும்போது சிநேகிதி பாதி வழிவரை கூடவே வந்தாள். ஒரு இடத்தில் நின்று, எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்பதுபோல் “மச்சாள்” என்று கூப்பிட்டாள். நானும் “என்ன மச்சாள்” என்றேன். நாங்கள் சிரித்த சிரிப்பில், கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.