நார்வே மொழிக்குப் பணிவு ஆகாது!

போன ஞாயிறு காலை. தில்லி மோதி பாக்கில் எங்களுக்கு மேலே மாடிவீட்டிலிருந்து ஆண்குரல் ஒன்று – “அழுத்து! தலையில அழுத்து!”

பதறிப்போய் மேலே ஓடினேன். கொலையுமில்லை, சண்டையுமில்லை... படிப்பு!

மாடிவீட்டு செல்வி நர்ஸ், திருநெல்வேலிக்காரி. நார்வேயில் வேலை தயார் – அந்த ஊர் பாஷையில் பேச்சுத் தேர்வு தேறினால். தேறினால் முதலில் அவள் மட்டும் போகவேண்டும். கணவர் முருகேசனும் மகளும் எப்போது போவார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

‘சீக்க’ என்றால் நோயாளி, ‘ஹூஸ்’ என்றால் வீடு. ஒட்டினால் ஆஸ்பத்திரி. (நம்ம ‘சீக்கு’க்கு ஒன்றுவிட்ட உறவோ?) ஒட்டிய இடத்தில்தான் பிரிக்கவேண்டுமாம் – சீக்க-ஹூஸ். முதல் பாதியின் தலையில் பலமான அழுத்தம், அடுத்ததில் லேசாக. மாறினால் அவர்களுக்குப் புரியாதாம்.

செல்விக்கு எல்லாம் மனப்பாடம். ஆனால் ஆன்லைன் டீச்சர் முகத்தைப் பார்த்ததுமே முதல் அசை காணாமல் போய்விடுகிறது. போகாதா பின்னே? பெரிய இடத்தில் நாம் எப்படிப் பேச ஆரம்பிப்போம்? லேசாகச் செருமி, குரலை இறக்கி, பாதியை முழுங்கி...

“அவங்க முன்னாடி அழுத்திப் பேச வாயே வரமாட்டேங்குக்கா” என்றாள். கண் கலங்கிவிட்டது. நாளைக்குத் தேர்வு!

முருகேசன் அரசாங்க ஆபீஸில் கிளார்க். தாழ்ந்த குரலில் பேசியே பழகியவர். அவர்தான் கண்டுபிடித்தார்.

“நீ ஆபீசர்ட்ட பேசுத மாதிரி பேசுத. வார்டுல காது கேக்காத தாத்தாட்ட ‘பாபாஜி, தவாயி!’ன்னு மருந்து குடிக்கச் சொல்லி அதட்டுவேல்லா? அப்படிச் சொல்லு.”

“சீக்க-ஹூஸ்!”

பக்கத்து பிளாக்கில் ஜன்னல் திறந்தது.

மறுநாள் தேர்வு நடத்திய நார்வேக்காரரையும் காது கேளாத தாத்தாவாகவே நினைத்துக்கொண்டு பேசியிருக்கிறாள். பாஸ்!

நேற்று முருகேசன் லட்டுவோடு வந்தார். வாயெல்லாம் பல். “நல்லா பேசினாளாம்க்கா. ரொம்பத் தெளிவா இருக்குன்னு அந்த ஆளே சொன்னானாம்” என்றார். பிறகு சோபாவில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.

“பாப்பாவுக்குத் தலை பின்னத் தெரியாதுக்கா எனக்கு. நீங்க சொல்லித் தருவீங்களா?”

லட்டைக் கீழே வைத்துவிட்டு சீப்பை எடுத்து வந்தேன்.

தன்னை விட்டுப் போவதற்கு மனைவிக்குத் தானே கோச்சிங் கொடுத்த மனுஷனை இப்போதுதான் பார்க்கிறேன்!