மஞ்சள் பொட்டலம்

கிம்-சுவான் அண்ணன் தன் சாவைத் தானே தேடிக்கொண்டார் என்று கோர்ட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர் நன்றாக இருக்கட்டும், பிள்ளைகுட்டிக்காரராக இருப்பார். ஆனால் அந்த மனுஷரோடு ஒரே தகரக் கூரையின் கீழ் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். நான் வாய் திறக்காவிட்டால் அந்தத் தாளில் இருப்பதுதான் அவர் கதை என்றாகிவிடும்.

அவர் எங்கள் பட்டறைக்கு வந்ததே வயிற்றெரிச்சலான கதை. சாங்ஹுவா ஜில்லாவில் எங்கள் பக்கமெல்லாம் வயல்தான், வயலுக்கு நடுவில்தான் பட்டறைகள். கிம்-சுவான் அண்ணனுக்கு வாய்க்கால் ஓரத்தில் அப்பா விட்டுப்போன நிலம் இருந்தது. வாய்க்காலில் ஒருநாள் நீலத் தண்ணீர் வரும், ஒருநாள் பச்சைத் தண்ணீர் வரும். ஒரு வருஷம் அதிகாரிகள் வந்து மண்ணைத் தோண்டிப் பையில் கட்டிக்கொண்டு போனார்கள். அறுப்புக்கு நின்ற கதிரை அப்படியே தீ வைத்துக் கொளுத்தினார்கள். இங்கே பயிர் செய்யக்கூடாது என்று பலகை நட்டார்கள். வரப்பில் உட்கார்ந்து அது எரிவதை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போனாராம்.

அப்புறம் எங்கள் முதலாளி குவோவிடம் வேலை கேட்டு வந்தார். குழாய்களுக்குப் பளபளவென்று முலாம் பூசுகிற பட்டறை எங்களுடையது. வாய்க்காலுக்கு நிறம் கொடுத்ததில் அதற்கும் பங்கு உண்டு.

அவர் பெண்டாட்டி போ-சூ குதித்திருக்கிறாள். "நம்ம வயலைச் சாகடிச்சவன்கிட்டயே கூலிக்குப் போறியா? உனக்குச் சூடு சொரணை இருக்கா?"

"வேற எவன்கிட்ட போக? சுத்துவட்டாரத்துல எல்லாவனும் அந்த வேலையைத்தான் பாக்குறான். இவன் வீட்டுக்குப் பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாராம் இவர்.

நான் கொக்கியில் குழாய் மாட்டுகிறவள். அவருக்குக் கழிவுத் தொட்டிகள். அமிலக் கழிவு ஒரு தொட்டி, சயனைடு கழிவு ஒரு தொட்டி. இரண்டும் ஒன்றோடொன்று சேரவே கூடாது. சேர்ந்தால் கிளம்புகிற காற்றை முகர்ந்தவன் எழுந்திருக்க மாட்டான். சட்டப்படி இரண்டையும் தனித்தனியாகச் சுத்தம் செய்துதான் வெளியே விட வேண்டும். குவோ முதலாளி சிக்கனக்காரன். பின்பக்கத் தரைக்கடியில் ஒரு குழி வெட்டி, இரண்டு தொட்டிக்கும் பொதுவாக ஒரே திருட்டுக் குழாய் போட்டு, அதை வாய்க்காலில் கொண்டுபோய் விட்டிருந்தான். நல்ல மழை பெய்யும்போது திறந்துவிட வேண்டும். மழையில் வாய்க்கால் கலங்கித்தானே ஓடும், எவன் கண்டான் என்பது அவன் கணக்கு.

திறந்துவிட்டது யார்? கிம்-சுவான் அண்ணன்தான். அவரைச் சாமியாக்க எனக்கு ஆசையில்லை. தன் வயலைக் கொன்ற தண்ணீரைத் தன் கையாலேயே அடுத்தவன் வயலுக்கு அனுப்பினார். வீட்டுக்குத் தெற்கத்தி அரிசிதான் வாங்குவார். "நம்ம ஊரு அரிசி வேணாம் லியன், அதுல எங்க கைப்பக்குவம் இருக்கு" என்று என்னிடம் ஒருமுறை சொல்லிச் சிரித்தார். சிரித்தவர் அன்றைக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

அவரிடம் ஒரு விஷயம் உண்டு. பொட்டலம்.

மெஷின் என்று ஒன்று இருந்தால் அதன் தலையில் பச்சை உறை போட்ட சோளப்பொரிப் பொட்டலம் ஒன்று இருக்கும், எங்கள் ஊர் வழக்கம் அது. ஆஸ்பத்திரியிலும் இருக்கும், பேங்க்கிலும் இருக்கும். அந்தப் பொரியின் பெயருக்கே சமர்த்தாக இரு என்றுதான் அர்த்தம். பொட்டலம் இருந்தால் மெஷின் மக்கர் பண்ணாது. ஆனால் பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சளோ சிவப்போ வைத்தால் மெஷின் படுத்துவிடும். தேதி தாண்டக்கூடாது, பிரித்துத் தின்னக்கூடாது. நம்பிக்கை இல்லை என்று சிரிக்கிறவனும் வைப்பான், வைத்துவிட்டுச் சிரிப்பான்.

எங்கள் பட்டறையில் இதற்குக் கிம்-சுவான் அண்ணன்தான் பூசாரி. எந்தப் பொட்டலத்துக்கு எப்போது தேதி முடிகிறது என்பது அவர் மனசில் இருக்கும். கடைக்குப் போனால் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, பெண் பார்க்கப் போனவர் மாதிரி நிற்பார். ஒருமுறை புதிதாக வந்த ஆள், கடையில் பச்சை இல்லை என்று உலர்த்தும் மெஷின் மேல் மஞ்சளை வைத்துவிட்டான். அண்ணன் அதை எடுத்து வாசலுக்கு வெளியே வீசினார். பக்கத்து ஊருக்கு சைக்கிளில் போய்ப் பச்சை வாங்கி வருகிறவரை மெஷினைப் போட விடவில்லை. குவோ முதலாளியும் பக்கத்தில்தான் நின்றான். "அவன் சொல்றதுதாம்ப்பா சரி. மஞ்சளை வெச்சா என் பொழப்பு நாறிடும்" என்றான். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு எங்கோ ஒரு பட்டறையில் ஆட்கள் செத்தபிறகு, குழிப் பக்கம் விஷக்காற்று அலாரம் வைத்தே தீர வேண்டும் என்று உத்தரவு வந்தது. வைத்தார்கள். குழி மூடியைத் திறந்தால் போதும், அது கூப்பாடு போடும். உண்மையைத்தான் சொன்னது, பாவம். குவோவுக்குத்தான் காது வலித்தது.

"என்னய்யா இது, மாமியாரைக் கொண்டுவந்து மாட்டின மாதிரி?" என்று கத்துவான்.

கிம்-சுவான் அண்ணன் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். அலாரத்துக்கு மேலே இருந்த பலகையில் ஒரு பச்சைப் பொட்டலத்தை வைத்தார். இரண்டொரு நாள் கழித்து அலாரம் கப்சிப். மூடியைத் திறந்தாலும் சத்தமில்லை. எல்லாரும் அவரைக் கும்பிட்டுக் கேலி செய்தோம். குவோதான் அதிகமாகச் சிரித்தான். "பாத்தீங்களா, இன்ஜினியரால முடியாதது நம்ம கிம்-சுவானால முடிஞ்சுது!" அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது.

அலாரத்தின் நெற்றியில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அது அணைந்திருப்பதை நான் பார்த்தேன். கேட்டேன். "கரண்டு மிச்சமாகட்டுமே, உனக்கென்ன?" என்றான் குவோ. ஒயரை அவன்தான் பிடுங்கிவிட்டிருக்கிறான். அண்ணனுக்கு அது தோன்றவில்லை. நானும் அவரிடம் சொல்லவில்லை, அந்தப் பாவம் எனக்கு. பொட்டலம் வைத்தோம், காற்று சமர்த்தாகிவிட்டது என்று நம்பினார். நம்பினவனை ஏமாற்றுவதற்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டுமா?

ஏழாம் மாதம், அலைகிற ஆவிகளுக்குப் படையல் போடுகிற நாள். பட்டறை வாசலில் நீள மேசை போட்டு, கறியும் பழமும் நூடுல்ஸும் பிஸ்கட்டும் அடுக்கியிருந்தோம். பொரிப் பொட்டலங்களும் இருந்தன, எல்லா நிறத்திலும். ஆவிகள் நிறம் பார்க்காது. ஒவ்வொரு பண்டத்திலும் ஒரு ஊதுபத்தி குத்த வேண்டும். குத்தியது நான்.

பத்தி பாதிகூட எரியவில்லை, மழை பிடித்துக்கொண்டது. குவோ கும்பிட்ட கையை இறக்காமலே, "கிம்-சுவான், மழை நல்லா வருது. போய்த் திறந்து விடு" என்றான்.

"படையல் முடியட்டுமே முதலாளி. இன்னிக்குப் போய்..."

"ஆவி எங்கேயும் போயிடாது. மழை போயிடும். ஓடு."

நாங்களும் பின்னாலேயே போனோம். குழாயின் திருகு இறுகிப்போய்த் திரும்பவில்லை. குழிக்குள் இறங்கித்தான் தட்ட வேண்டும். முகமூடி இருந்தது. அதிகாரிகள் வந்தால் காட்டுவதற்காக அலமாரியில், உறை பிரிக்காமல். அண்ணன் மூடியைத் தூக்கினார், அலாரத்தை நிமிர்ந்து பார்த்தார். "பய சத்தம் போடல. காத்து நல்லாத்தான் இருக்கு" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஏணியில் இறங்கினார்.

சுத்தியல் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. நான் கூப்பிட்டேன். குனிந்து பார்க்கப் போனவளைக் குவோ கையைப் பிடித்து இழுத்தான். அதை மட்டும் அவன் நல்லதற்குச் செய்தான், பொய் சொல்லமாட்டேன். எங்கள் எல்லாரையும் வாசலுக்குத் துரத்தினான். தீயணைப்பு வண்டி வருகிறவரை உள்ளே அவன் ஒருத்தன்தான் இருந்தான். நாங்கள் படையல் மேசைப் பக்கம் மழையில் நனைந்துகொண்டு அழுதோம். நடுவில் அவன் ஒருமுறை வெளியே வந்து மேசையருகே நின்றுவிட்டுப் போனான். கும்பிட வந்தான் என்று நினைத்தேன்.

அண்ணனைத் தூக்கி வந்தபோது முகம் குடித்தவர் மாதிரி சிவந்திருந்தது. உயிர் இல்லை.

கோர்ட்டில்தான் அந்தப் போட்டோவைப் பார்த்தேன். போலீஸ் எடுத்தது. அலாரத்தின் விளக்கு ஜம்மென்று எரிகிறது, பிடுங்கின ஒயரை மறுபடி சொருகியிருக்கிறான். அது காற்றை முகர்கிற வாயை அடைத்து, கம்பியால் இறுக்கிக் கட்டிய பொரிப் பொட்டலம். மஞ்சள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொட்டலத்தின் மூலையில் ஒரு ஓட்டை, அதைச் சுற்றிப் பத்திச் சாம்பல். என் கையால் குத்தின ஓட்டை. செத்தவர்களுக்குப் படைத்ததைப் பத்தி அணைவதற்குள் திருடி, செத்தவர் மேல் பழி போடக் கட்டியிருக்கிறான். பலகையில் இருந்த பச்சையைத் தொட அவனுக்கே பயம் போல, பதற்றத்தில் மேசையில் கைக்கு எது வந்ததோ அது.

கூண்டில் ஏறிச் சொன்னேன். பிடுங்கின ஒயர், அணைந்த விளக்கு, ஊதுபத்தி, மஞ்சள், எல்லாம் சொன்னேன். அவன் வக்கீல் மெல்லச் சிரித்தார். "ஏம்மா, ஒரு மனுஷன் பொட்டலம் மஞ்சளா பச்சையான்னா பாத்துக்கிட்டு இருப்பான்?"

"நம்ம ஊர்ல பாப்பாங்கய்யா. அதோ உங்க குமாஸ்தா கம்ப்யூட்டர் மேல என்ன நிறம் இருக்கு, பாருங்க" என்றேன்.

கோர்ட்டே சிரித்தது. குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி நீதிபதி என்னை அதட்டினார்.

குவோ தலைமுறை தலைமுறையாகப் பகுத்தறிவோடு வாழ்ந்தவன் மாதிரி நின்றான். "ஐயா, எனக்கு இந்த மூடநம்பிக்கையெல்லாம் கிடையாதுங்க. எந்த நிறமா இருந்தா என்ன? எல்லாம் விளையாட்டுக்கு வைக்கிறது. அவன்தான் பாவம், அதை நிஜம்னு நம்பி அலாரம் வாயைக் கட்டிட்டான்."

தீர்ப்பு வந்தது. வாய்க்காலைக் கெடுத்தது குற்றம், முகமூடி கொடுக்காதது குற்றம். ஆனால் இறந்தவர் தாமே அலாரத்தை அடைத்ததால் தண்டனையைக் குறைக்கிறோம். அபராதமாகக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற அளவுக்குக் குறைத்தார்கள்.

வெளியே படிக்கட்டில் போ-சூ என் கையைப் பிடித்தாள். "லியன், அவன் ஜெயிலுக்குப் போனா என்ன, போகாட்டி என்ன. அவரே தன்னைக் கொன்னுக்கிட்டாருன்னா எழுதிட்டாங்க?"

"ஆமா மதினி."

"மஞ்சளைக் கட்டினாருன்னா?"

"ஆமா."

"குடிகாரன்னு எழுதியிருந்தாக்கூடப் பொறுத்துக்குவேன். அவரு மஞ்சளைக் கட்டினாருன்னு எழுதிட்டாங்களே, பாவிங்க. அந்த வரியை அழிக்காம நான் அவரு படத்துக்கு முன்னால எப்படிப் போய் நிப்பேன்?"

மேல்முறையீடு என்று அலைந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

பட்டறை திறந்தது, இப்போது குவோவின் பெண்டாட்டி பேரில். நானும் போனேன். வேறு எவனிடம் போக, சுத்துவட்டாரத்தில் எல்லாவனும் அந்த வேலையைத்தான் பார்க்கிறான். கிம்-சுவான் அண்ணன் பதில் எனக்கும் பொருந்தியது. புது மெஷின்கள் வந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் புதுப் பச்சைப் பொட்டலம்.

மறுபடி ஏழாம் மாதம் வந்தது. படையல் மேசை போட்டோம். பத்தி எரிந்து முடிந்து எல்லாரும் உள்ளே போகிற சமயம் போ-சூ வந்தாள். வயலுக்குப் போகிற தொப்பி, கையில் ஒரு துணிப்பை.

"வாங்க மதினி, வாங்க. அவருக்கும் சேத்துத்தான் படைச்சிருக்கோம்" என்று குவோ குழைந்தான்.

அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே உள்ளே போனாள். முலாம் தொட்டிகளுக்கு மின்சாரம் கொடுக்கிற பெரிய மெஷின், அதுதான் பட்டறைக்கு உயிர். அதன் தலையில் இருந்த பச்சையை எடுத்துப் பைக்குள் போட்டாள். பையிலிருந்து ஒரு மஞ்சள் பொட்டலத்தை எடுத்தாள். கம்பியும் கொண்டுவந்திருந்தாள். நிதானமாக, இறுக்கமாகக் கட்டினாள்.

"இப்ப மெஷினைப் போடுங்க" என்றாள்.

குவோ சிரிக்கப் பார்த்தான். "என்ன மதினி விளையாட்டு?"

"விளையாட்டுதான். எந்த நிறமா இருந்தா என்னன்னு ஜட்ஜ் முன்னாடி சொன்னீங்களே. போடுங்க."

"ஏய், யாராவது அதை எடுத்துத் தொலைங்கடா!"

ஒருவரும் அசையவில்லை. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவன் எங்கள் முகங்களைப் பார்த்தான். வேகமாக மெஷின் பக்கம் போனான், சுவிட்சு வரைக்கும் கையை நீட்டினான். கை அங்கேயே நின்றது. நெற்றியில் வியர்வை பொடித்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். பொட்டலத்தை அவிழ்க்கவும் அந்தக் கைக்குத் துணிச்சல் இல்லை, சுவிட்சைத் தட்டவும் இல்லை.

"கடைக்குப் போய்... யாராவது ஒரு பச்சை..." என்றான்.

"பச்சை எதுக்கு?" என்றாள் போ-சூ. பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பினாள். "எல்லாரும் பாத்துக்கிட்டீங்கல்ல? இவனுக்கே இவ்வளவு பயம். எம் புருஷன் கட்டியிருப்பாரா?"

"மாட்டாரு மதினி" என்றேன். எனக்குப் பின்னால் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அவளுக்கு அது போதும் போலிருந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கு மெஷின் ஓடவில்லை. சாயங்காலம் மழை கொட்டியது. நான் வாய்க்கால் ஓரமாக வீட்டுக்குப் போனேன். தண்ணீர் வெறும் சேற்று நிறத்தில் ஓடியது.

மறுநாள் காலை குவோ தானே கடைக்குப் போய், தேதி பார்த்து, பச்சைப் பொட்டலம் வாங்கி வந்தான். தீர்ப்பில் அந்த வரி அப்படியேதான் இருக்கிறது. அடுத்த மழை வந்தபோது குவோ திறந்துவிடச் சொன்னான், புது ஆள் போய்த் திறந்துவிட்டான்.