சாம்பல் நிறத்தில் வந்த இடம்

இசைவாணி கரியாலூரில் பிறந்தவள். அப்பா பிச்சைமுத்து மலையில் சாமை விதைத்தார். அந்த நிலத்துக்குப் பட்டா கடைசிவரை கிடைக்கவில்லை. கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து சிவில் டிப்ளமோ முடித்த இசைவாணி, இப்போது வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்குக் கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் கட்டித் தருகிறாள். சுவர், குழாய், படிக்கட்டு எல்லாம் திரையில் முப்பரிமாண மாடலாக நிற்கும். எதைத் தொட்டாலும் அது என்ன, எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று காட்டும்.

கணவன் இளமாறன் பைக் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். சேலம் ரோட்டை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் மாடி வீடு அவர்களுடையது. வாங்கும்போது கிரயப் பத்திரத்தை அவளே வரி விடாமல் படித்தாள். நிலத்தில் இவ்வளவு பாகம், வீடு இத்தனை சதுர அடி என்று இருந்தது. வீடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்குப் படம் எதுவும் இல்லை.

சண்டை மொட்டைமாடியில் ஆரம்பித்தது. மூன்றாம் மாடியில் இருக்கும் சரத்குமார் அதில் பாதிக்குத் தகர ஷெட் போட்டுப் பூட்டிக்கொண்டான். பில்டர் அந்த இடத்தைத் தனக்கே வாய்ச்சொல்லாகக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். பில்டரோ புதுச்சேரிப் பக்கம் போய்விட்டார், போனை எடுப்பதில்லை. மற்ற வீட்டுக்காரர்களுக்குத் துணி காயப்போட இடமில்லை.

குடியிருப்போர் சங்கத் தலைவர் ராமசாமி, சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இசைவாணி வீட்டுக்கு நேர் கீழ் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே வந்தார்.

“ஊருக்கெல்லாம் பில்டிங் வரஞ்சி குடுக்கற. நம்ம பில்டிங்க வரஞ்சி, எது யாருதுன்னு கலர் அடிச்சிக் காட்டும்மா. பேசிப் பேசி வாய் வலிக்குது.”

லேசர் கருவியோடு வீடு வீடாகப் போய் அளந்தாள். நகராட்சி அனுமதித்த வரைபடத்தையும் எல்லோருடைய பத்திரங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம், பொது இடங்களுக்குச் சாம்பல். படிக்கட்டு சாம்பலானது. மொட்டைமாடி முழுக்கச் சாம்பலானது.

தன் வீட்டுக்குப் பச்சை கொடுத்தாள். அடுக்களைக்குப் பின்னால், வாஷிங் மெஷின் வைத்திருக்கும் இடத்தில் மட்டும் அளவு பொருந்தவில்லை. அனுமதி வரைபடத்தில் அங்கே தரையே கிடையாது. குளியலறைகளுக்குக் காற்று வர, கீழிருந்து வானம்வரை திறந்தபடி விட வேண்டிய டக்ட் அது. பில்டர் நடுவில் கான்கிரீட் போட்டு மூடி, அவர்கள் வீட்டோடு சேர்த்துவிட்டிருந்தார். மாடலைக் கீழே நகர்த்திப் பார்த்தாள். ராமசாமி வீட்டுக் குளியலறை ஜன்னல் அந்த டக்டுக்குள்தான் திறந்தது. அதற்கு மேலே காற்றுக்கு வழியில்லை. சுவர் ஈரத்துக்குக் குழாய்க் கசிவுதான் காரணம் என்று நினைத்து, அவர் வருஷக்கணக்கில் குழாய் மாற்றுவதும் பூஞ்சை சுரண்டுவதுமாக இருந்தார்.

இளமாறனிடம் சொன்னாள்.

“அத இன்னாத்துக்குக் காட்டணும்? அவன் ஷெட்டுதான பிரச்சன. மொட்டமாடிய மட்டும் காட்டு.”

“காட்டாம வுட்டா மாடலே பொய்யிங்க.”

“பொய்யா போனா உனுக்கு இன்னா? நம்ம வூடு சின்னதா ஆயிடும்.”

“அது நம்மளுதே இல்லங்க. பத்திரத்துல இருக்கற சதுர அடி அது இல்லாமலே சரியா வருது.”

அவன் கடைக்குப் போய்விட்டான். அன்று அந்த இடத்தைப் பச்சையாகவே விட்டாள். கீழ் வீட்டில் சுவர் சுரண்டும் சத்தம் கேட்டது. கேட்டபடி துணி மடித்தாள். மறுநாள் காலை நிறத்தைச் சாம்பலுக்கு மாற்றினாள்.

கூட்டம் கார் நிறுத்தும் இடத்தில் நடந்தது. டிவியில் மாடலைப் போட்டதும் சரத்குமார் எழுந்தான்.

“மொட்டமாடி முழுக்கப் பொதுவா? அப்ப உங்க வூட்டக் காட்டுங்கக்கா, பாப்போம்.”

இசைவாணி மாடலைத் திருப்பினாள். “இந்த எடம் எங்க வூட்டுக்குள்ள இருக்குது, ஆனா எங்களுது இல்ல. டக்ட். இத மூடனதாலதான் ஐயா வூட்டு பாத்ரூமுக்குக் காத்து வரல.”

ராமசாமி டிவி பக்கத்தில் போய்ப் பார்த்தார். “பைப்ப ஒடச்சி ஒடச்சிப் பாத்துக்கினு இருந்தேனே! அங்கியே குடியிருந்துக்கினு உங்களுக்குத் தெரியலையா?”

“தெரியலங்கய்யா.”

சிலர் நம்பினார்கள், சிலர் நம்பவில்லை. பின்னால் நின்ற இளமாறன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த மாதம் கான்கிரீட்டை வெட்டி எடுத்தார்கள். வாஷிங் மெஷின் ஹாலுக்கு வந்தது. அதனால் வாசல் கதவைப் பாதிதான் திறக்க முடியும். சரத்குமார் இழுத்தடித்துக் கடைசியில் பூட்டை எடுத்தான். ஷெட் அப்படியே நிற்கிறது, எல்லோரும் அதற்குக் கீழே துணி காயப்போடுகிறார்கள். கொஞ்ச நாள் மதியச் சாப்பாட்டைக் கடையிலேயே முடித்துக்கொண்ட இளமாறன் பிறகு பழையபடி வீட்டுக்கு வந்தான். வீடு வாங்க வருகிறவர்களுக்குப் பத்திரத்தோடு மாடலையும் சங்கமே காட்டுகிறது.

ராமசாமி வீட்டுச் சுவர் காய்ந்துவிட்டது. ஒரு நாள் அவர் வேறொரு விஷயமாக மேலே வந்தார்.

“பார்க்கிங்ல தூண் ஓரமா ரெண்டு செம்பருத்தி வெச்சிருக்கேன். அந்த எடத்த மட்டும் என் கலருக்கு மாத்தேம்மா.”

“அது முடியாதுங்கய்யா.”

“கையகல எடந்தான?”

“செடி இருக்கட்டுங்க, யாரும் புடுங்க மாட்டாங்க. கலரு மாறாது.”

முணுமுணுத்தபடி படியிறங்கினார். இசைவாணி கதவைச் சாத்திவிட்டு நாற்காலிக்குத் திரும்பினாள். சென்னையில் எழும்பப்போகும் ஒரு ஆஸ்பத்திரி, நான்காம் மாடி முடியாமல் திரையில் நின்றது.